நாற்றுகள் சாய்ந்த பக்கம்

அந்த வருஷம் ஆனியில் கார்முடிக்கு இறங்கி வந்த மேகம் ஆடி கழிந்தும் எழுந்து போகவில்லை. முதலில் தேயிலைச் சரிவில் உட்கார்ந்தது, பிறகு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தது, பிறகு கதவு திறந்திருந்த வீடுகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து கட்டிலுக்கு அடியிலும் அடுப்புக்குப் பின்னாலும் இடம் பிடித்துக்கொண்டது. ஜனங்கள் படுக்குமுன் பாயை உதறி மேகத்தை வெளியே தள்ளினார்கள். டீக்கடை காதர் பாய் துண்டால் விசிறிவிட்டுத்தான் கிளாஸ் நிறைந்ததா என்று பார்த்தார். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பது யார் என்பதை இருமலை வைத்துக் கண்டுபிடித்தார்கள். பொள்ளாச்சியிலிருந்து மேலேறி வரும் பஸ்ஸுக்கு முன்னால் கண்டக்டர் இறங்கி விசில் ஊதிக்கொண்டே நடந்தார், பின்னால் பஸ் கன்றுக்குட்டி மாதிரி வந்தது. சூரியன் எங்கே என்று முதலில் கொஞ்ச நாள் கேட்டார்கள். பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டு, துணி எப்படிக் காயும் என்பதைப் பேச ஆரம்பித்தார்கள்.

மேகத்தால் உண்மையாகவே அடிபட்டவள் புனிதவதி. கடைசிக் கொண்டை ஊசி வளைவில் பச்சை வலை கட்டி நாற்றுப் பண்ணை வைத்திருந்தாள். தக்காளி, கத்திரி, மிளகாய், முட்டைக்கோஸ், எந்த நாற்றானாலும் கார்முடியின் இரண்டு சரிவுகளிலும் இருந்த தோட்டங்களுக்கு அவளிடமிருந்துதான் போகும். இரண்டு தங்கைகளை வளர்த்துப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்து முடித்து நிமிர்ந்து பார்த்தபோது தனக்கு நாற்பது நெருங்கிவிட்டது தெரிந்தது. அதற்காக அவள் பெரிதாக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. விதை போடுவது, முளைப்பது, கொடுத்து அனுப்புவது, மறுபடி விதை போடுவது என்று அவள் பாட்டுக்கு இருந்தாள்.

அந்த வருஷம் போட்ட விதையெல்லாம் முளைத்தது, முளைத்ததெல்லாம் வெளிச்சம் காணாமல் வெளுத்தது, வெளுத்ததெல்லாம் அடித்தண்டு அழுகி விழுந்தது. மறுபடி போட்டாள், மறுபடி விழுந்தது. கடைசியில் அவளிடம் ஒரே ஒரு டப்பா விதை மிஞ்சியது. அதுவும் போய்விட்டால், மேகம் விலகுகிற அன்றைக்கு நடுவதற்கு ஊரில் ஒரு நாற்றுகூட இருக்காது, இரண்டு சரிவும் வருஷம் முழுக்க மொட்டையாகக் கிடக்கும். புனிதவதி நாற்று வளர்க்கும் குழித்தட்டுகளைக் கழுவி, வீட்டு முன்னறையில் அடுக்கி, தேங்காய் நார்க்கழிவு நிரப்பி, கடைசி விதைகளை ஊன்றினாள். ஊன்றிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளிச்சம் வாங்கக் கிளம்பினாள்.

கார்முடியில் வெளிச்சம் மயில்வாகனனிடம்தான் கிடைக்கும். மைக் செட், பந்தல் விளக்கு, சீரியல் லைட் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். ஊரில் நடந்த அத்தனை கல்யாணத்தையும் ஏணி மேலிருந்தே பார்த்தவர், தன்னுடையது ஒன்று நடக்காததை யாரும் கவனிக்காதபடி அமைதியாக ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவர். மேகம் வந்ததிலிருந்து விசேஷம் எதுவும் இல்லை. கடை நிறைய ட்யூப் லைட்டுகள் துணி போர்த்திக் கிடந்தன. ஊரே அவரை மயிலண்ணன் என்று கூப்பிடும். புனிதவதி மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஏன் என்று அவளைக் கேட்டால் அவளுக்கும் தெரியாது.

"சவுண்ட் சர்வீஸ்காரரே, சல்லிசா ஒரு லைட் வேணும். நாத்து வளர்க்க."

"நாத்துக்கா? நான் இதுவரைக்கும் மாப்பிள்ளைக்கும் சாமிக்கும்தாங்க லைட் போட்டிருக்கேன்."

"நாத்துக்குன்னே ஊதா கலர்ல ஒண்ணு வருதாம். ஃபோன்ல விலை பாத்தேன், உடனே மூடி வெச்சுட்டேன்."

மயில்வாகனன் சிரித்தார். "அப்ப இருக்கறதையெல்லாம் ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்துருவோம். எது பிடிக்குதுன்னு அதுங்களே சொல்லட்டும்."

முளை விட்டதும் முதலில் குண்டு பல்பு. மஞ்சளாக, இதமாக எரிந்தது. பூனைகூட வந்து அதற்கடியில் படுத்தது. ஆனால் இரண்டாம் நாளே மிளகாய் முளைகள் அப்பளம் மாதிரி சுருண்டன. "வெளிச்சத்தை விட சூடுதாங்க ஜாஸ்தி" என்று புனிதவதி கழற்றிக் கொடுத்தாள். பிறகு சீரியல் லைட். நாற்றுகளுக்கு அது போதவில்லை, தெருக் குழந்தைகளுக்கு மட்டும் பிடித்திருந்தது. பிறகு கோயில் கோபுரத்துக்குப் போடும் ஃபோகஸ் லைட். அதைப் போட்டதும் எதிர்வீட்டு கிரேஸ் டீச்சர், விடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்து பல் துலக்கி ஜெபம் சொல்லிக் குளித்தும் முடித்துவிட்டார். கடைசியில் சாதாரண வெள்ளை எல்.இ.டி. ட்யூப், எந்தக் கடையிலும் கிடைப்பது, இருப்பதிலேயே சல்லிசானது. அதை உத்தரத்தில் மாட்டியபோது நாற்றுகள் அதை எட்டிப் பிடிக்கப் பார்த்து நூல் மாதிரி நீண்டன. புனிதவதி யோசித்து, இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே கயிறு கட்டி, நாற்றுத் தலைக்கு ஒரு உள்ளங்கை உயரத்தில் ட்யூபைத் தொங்கவிட்டாள். இலை கருகவில்லை. தண்டும் நீளவில்லை. இருட்டியதும் அணைத்து வைத்தாள், செடிக்கும் தூக்கம் வேண்டும் என்று. ஒரு வாரத்தில் இலைகள் கரும்பச்சையாக விரிந்தன.

எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க மயில்வாகனன் ஒரு காலையில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் படிந்த மேகத்தைத் தட்டிவிட்டு, சுவரோரமாக நின்றார். தங்கள் தலைக்கு மேலே ட்யூப் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்க, தட்டிலிருந்த தக்காளி நாற்றுகள் எல்லாம் மெதுவாக, காற்றில்லாத அறையில், அவர் பக்கம் சாய்ந்தன.

புனிதவதி பார்த்தாள். அவரும் பார்த்தார். அவர் அடுப்படிப் பக்கம் நடந்தார், நாற்றுகளும் அந்தப் பக்கம் திரும்பின. அவர் ஜன்னல் பக்கம் வந்தார், நாற்றுகளும் வந்தன.

"உங்களப் பாத்துத் திரும்புதுங்க" என்றாள்.

"ஆமாங்க. பாத்தேன்" என்றார் அவர். கூச்சத்தில் காதுமடல் சிவந்தது. "எனக்கு உடம்புல ஒண்ணும் தெரியலைங்க. சூடு கூட இல்ல."

"உக்காருங்க. டீ போடறேன்."

அவர் உட்கார்ந்து டீ குடித்து முடிப்பதற்குள் முட்டைக்கோஸ் நாற்றுகள் புதிதாக ஓர் இலை விட்டிருந்தன.

கார்முடியில் எந்த விஷயமும் மேகத்தோடு மேகமாக வீடுவீடாகப் போய்விடும். அன்றைக்கே கிரேஸ் டீச்சர் வந்து பார்த்து, காதர் பாயை அழைத்து வந்து நிற்க வைத்தார், கண்டக்டரை நிற்க வைத்தார், தானும் நின்றார். நாற்றுகள் யாரையும் சட்டை செய்யவில்லை. மயில்வாகனன் வாசலுக்கு வந்ததும் மட்டும் திரும்பின. "சரி, அப்போ மயிலுதான்" என்று டீச்சர் முடிவாகச் சொன்னார். அதற்கு மேல் ஆராய்ச்சி எதுவும் நடக்கவில்லை. ஏன் என்பதைவிட, தங்கள் வீட்டுக்கு எப்போது என்பதுதான் ஊருக்கு முக்கியமாக இருந்தது. முன்னறையில் இடம் போதாமல் புனிதவதி வீட்டுக்கு ஒரு தட்டாக நாற்றுகளைப் பிரித்துக் கொடுத்தாள். மயில்வாகனன் தன் கடையில் சும்மா கிடந்த வெள்ளை ட்யூப்களையெல்லாம் வீட்டுக்கு ஒன்றாகக் கொண்டுபோய் உள்ளங்கை உயரத்தில் கட்டிக் கொடுத்தார். ட்யூப் கட்டிக் கொடுத்தவரை யாரும் உடனே போக விடவில்லை.

கிரேஸ் டீச்சர் முறை வைத்தார். காலையில் கீழ்த்தெரு, மத்தியானம் மேல்தெரு. காதர் பாய் கல்லாவுக்குப் பக்கத்தில் புதினா வைத்து, மயிலண்ணனுக்கு மட்டும் ஸ்பெஷல் டீ என்று அறிவித்தார். கோயிலில் துளசி அவர் பக்கம் திரும்பியபோது, அர்ச்சகர் கொஞ்ச நேரம் யோசித்து, துளசி விருப்பப்பட்டுத் திரும்பினால் அதைத் தடுக்க ஆகமத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். சர்ச்சில் ஃபாதர் அவரை முன் பெஞ்சில் உட்காரச் சொன்னார், அங்கே லில்லித் தொட்டிகள் இருந்தன. மின்சாரம் ஏதாவது கள்ளத்தனமாக எடுக்கிறாரா என்று விசாரிக்க வந்த லைன்மேன், சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, போகும்போது ரகசியமாக, "எங்க வீட்டுல ரோஜா பதியம் போட்டிருக்கேன், ஒரு எட்டு வந்துட்டுப் போங்கண்ணே" என்றார்.

இப்படியே எல்லாம் சந்தோஷமாகப் போயிருக்கும். ஆனால் நாற்றுகள் காத்திருக்கப் பழகிவிட்டன. கீழ்த்தெருவில் அவர் இருக்கும்போது மேல்தெரு நாற்றுகள் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன, மேல்தெருவுக்கு வந்ததும் கீழ்த்தெருவில் அத்தனையும் மேல்பக்கமாக எக்கின. இழுத்து இழுத்துத் தண்டுகள் மெலிந்தன, வளைந்தன, சில படுத்தே விட்டன. வளைந்த நாற்று வயலில் நிற்காது. உடனே ஜனங்கள், மயிலண்ணன் எங்கள் வீட்டில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் சரியாகிவிடும் என்று ஆளாளுக்கு நினைத்தார்கள். நினைத்தது சண்டையானது. "நேத்து உங்க வீட்டுல சாப்பாடு வரைக்கும் இருந்தாரு" என்று ஒருத்தி சொல்ல, "சாப்பாட்டுல பாதி நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் உக்காந்திருந்தாரு" என்று இன்னொருத்தி சொன்னாள்.

அந்த நாட்களில் மயில்வாகனனுக்குக் காய்ச்சல் வந்தது. போர்வையோடு ஒரு வீட்டில் உட்கார வைத்தார்கள். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்கள் என்றார்கள், திரும்பினார். தலையைத் தாழ்த்தாதீர்கள், கத்திரிக்கு எட்டவில்லை என்றார்கள், நிமிர்ந்தார். கஞ்சி வேண்டுமா என்று கேட்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எரிகிற விளக்கிடம் யாரும் அதைக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் மயில்வாகனன் கடை பூட்டியிருந்தது. புனிதவதி எழுந்து முன்னறைக்கு வந்தாள். தட்டில் இருந்த அத்தனை நாற்றும் வடக்குச் சுவரை நோக்கிச் சாய்ந்திருந்தன. வெளியே ஓடி வந்து பக்கத்து வீட்டில் பார்த்தாள், அங்கேயும் வடக்கு. கோயில் துளசி, சர்ச் லில்லி, காதர் பாயின் புதினா, எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துக் கிடந்தன. வடக்கே இருந்தது பொள்ளாச்சிக்கு இறங்குகிற ரோடு.

ஊர் கூடிப் பேசியது. ஆள் அனுப்பலாம் என்றார்கள், யாரை என்று தெரியவில்லை. எங்கே போய்த் தேடுவது என்றும் தெரியவில்லை, அவருக்கு ஃபோன் பழக்கமே கிடையாது. புனிதவதி அதற்குள் கூட்டத்தை விட்டுக் கிளம்பியிருந்தாள். வீட்டுக்குப் போய் ஒரு தக்காளி நாற்றை வேர் கலையாமல் எடுத்து எவர்சில்வர் டம்ளரில் வைத்தாள். தூக்குப் பாத்திரத்தில் ரசம் சாதமும் துவையலும் எடுத்துக்கொண்டாள். காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் வலதும் இடதுமாகத் திரும்ப, டம்ளரில் நாற்று மட்டும் பிடிவாதமாக ஒரே திசையைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் மேகம் முடிந்தது. வெயில் பளீரென்று ஜன்னலில் அடித்தது. பஸ்ஸில் எல்லோரும் கண்ணை இடுக்கிக்கொண்டு "அட, இருக்கு!" என்று சிரித்தார்கள். புனிதவதி நாற்றைப் பார்த்தாள். அது அவ்வளவு வெயிலையும் முதுகில் வாங்கிக்கொண்டு முன்பக்கமே சாய்ந்திருந்தது.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி டம்ளரை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நாற்று இடது பக்கம் சாய்ந்தால் இடது, வலது பக்கம் சாய்ந்தால் வலது. வாழைத்தார் இறக்குகிற இடத்தைத் தாண்டி, மாட்டுச் சந்தைக்குப் போகிற கூட்டத்தில் புகுந்து, இளநீர்க்காரரிடம் மோதி மன்னிப்புக் கேட்டு, ஒரு பாத்திரக்கடைக்குள்ளேயே நுழைந்து மறுபக்க வாசல் வழியாக வெளியேறி நடந்தாள். "அக்கா, செடியத் தூக்கிட்டு யாரைத் தேடறீங்க?" என்று பூக்காரி கேட்டாள். "வெளிச்சத்தை" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லாமல், "தெரிஞ்சவர் ஒருத்தரை" என்றாள். தெருமுனையில் நாற்று கிட்டத்தட்டப் படுத்தே விட்டது. அதன் நுனி காட்டிய பக்கம், வேப்ப மரத்தடி சிமெண்ட் பெஞ்சில், போர்வையை மடியில் வைத்துக்கொண்டு மயில்வாகனன் உட்கார்ந்திருந்தார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். டம்ளரைப் பார்த்ததும் முகம் வாடியது. "இங்கேயும் கொண்டு வந்துட்டீங்களா? எங்க வைக்கப் போறீங்க, எந்தப் பக்கம் திரும்பணும்?"

புனிதவதி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, பெஞ்சில் இடம் விட்டு உட்கார்ந்தாள். தூக்குப் பாத்திரத்தைத் திறந்தாள்.

"காய்ச்சல் விட்டுருச்சா?"

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

"ரசம் சாதம். மிளகு ஜாஸ்தி போட்டிருக்கேன். சாப்பிடுங்க."

அவர் மூடியில் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். முதல் வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகு என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். பாதி சாப்பிட்ட பிறகுதான் பேசினார்.

"கோவமில்லைங்க. ஊருக்கு உதவறது சந்தோஷம்தான். ஆனா பாருங்க, ஒரு வீட்டுக்குப் போனா, எல்லாரும் செடியத்தான் பாக்கறாங்க. செடி மட்டும்தான் என்னைப் பாக்குது."

"நான் பாத்தேன்" என்றாள் புனிதவதி.

"என்னது?"

"அன்னிக்கு தலையில மேகத்தைத் தட்டிட்டு உள்ள வந்தீங்களே. நாத்து திரும்பினது அப்புறம்தான். நான் முன்னாடியே திரும்பிட்டேன்." சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தங்கைகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பு அவளிடமிருந்து வந்ததில்லை. வேப்ப மரத்தில் இருந்த காக்கைகூட என்னவென்று கீழே பார்த்தது. மயில்வாகனன் சோற்றுக் கையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாத்துக்காக வரலைங்க" என்றாள் அவள். "நாத்து போனாப் போகுது. நீங்க சாப்டீங்களான்னு பாக்க வந்தேன். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

"அடுத்த பஸ் எப்பங்க?" என்றார் அவர்.

மலையேறுகிற பஸ்ஸில் கூட்டம். மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் அவர், இந்த ஓரம் அவள், நடுவில் டம்ளர். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. பேசியதும் முக்கியமானதில்லை. அவருக்கு ரசத்தில் பூண்டு பிடிக்கும், அவளுக்குப் பிடிக்காது. அவளுக்கு மழைச் சத்தத்தில் தூக்கம் வரும், அவருக்கு வராது. நின்றுகொண்டிருந்த கண்டக்டர்தான் முதலில் பார்த்தார்.

"புனிதாக்கா, செடிக்கு என்ன ஆச்சு?"

குனிந்து பார்த்தார்கள். காலையில் படுத்துக் கிடந்த நாற்று நிமிர்ந்து நின்றது. இந்தப் பக்கமும் சாயாமல், அந்தப் பக்கமும் சாயாமல், பஸ் எந்த வளைவில் எப்படித் திரும்பினாலும் நேர் நிமிர்ந்து, தண்டு பருத்து, இரண்டு பக்கமும் சமமாக இலை விரித்து நின்றது.

மறுபடி மேகத்துக்குள் பஸ் நுழைந்தபோதும் அது அப்படியே நின்றது. ஸ்டாண்டில் காத்திருந்த கிரேஸ் டீச்சர் டம்ளரை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் வெளிச்சம் இருந்தா அது எதுக்குச் சாயப் போகுது?" என்றார். பிறகு புனிதவதியின் காதருகே, "நீ இவனை அண்ணன்னு கூப்பிடாததை நான் எப்பவோ கவனிச்சேன்டி" என்றார்.

அதன் பிறகு முறை மாறியது. காலையில் மட்டும் இருவரும் சேர்ந்து ஒரு தெருவுக்குப் போவார்கள், தட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். மற்ற நேரத்துக்கு வெள்ளை ட்யூப் போதும் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போகிற வீட்டிலெல்லாம் முதலில் சாப்பாடு, அப்புறம்தான் செடி. சாப்பாடு அதிகமாகி மயில்வாகனன் சட்டைகளைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. படுத்த நாற்றுகள் எழுந்தன, எழுந்தவை பருத்தன, துளசியும் லில்லியும் ஒழுங்காக நின்றன. காதர் பாயின் புதினா தொட்டியை விட்டு வெளியேறி கல்லாவைச் சுற்றிக்கொண்டது, அவர் அதை ஒதுக்கிவிட்டுச் சில்லறை எடுத்தார்.

ஒரு மத்தியானம் மேகம், வந்தது போலவே சொல்லாமல், வீடுகளிலிருந்து எழுந்து, ஸ்டாண்டிலிருந்து எழுந்து, சரிவைத் தாண்டிப் போய்விட்டது. ஊரே மண்வெட்டியோடு ஓடியது. பொழுது சாய்வதற்குள் இரண்டு சரிவும் பச்சைப் புள்ளியாக நிறைந்தன.

ஐப்பசியில் அவர்கள் கல்யாணம் வைத்தார்கள். முருகன் கோயிலில் தாலி கட்டி முடித்து, மண்டபத்துக்கு நடந்து போனார்கள், ரோடு இரண்டு சரிவுகளுக்கும் நடுவே போகிறது. நல்ல வெயில். கூட்டம் பின்னால் தள்ளி வந்துகொண்டிருந்தது. புனிதவதி நடந்துகொண்டே ஒருமுறை மேலே பார்த்தாள், ஒருமுறை கீழே பார்த்தாள், சட்டென்று முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள். மேல்சரிவில் இருந்த அத்தனை தக்காளியும் கத்திரியும் ரோட்டை நோக்கித் திரும்பியிருந்தன. கீழ்ச்சரிவில் அத்தனை முட்டைக்கோசும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன.

"கையை விடுங்க" என்றாள் மெதுவாக. "எல்லாம் பாக்குது."

மயில்வாகனன் விடவில்லை.

"பாக்கட்டும்" என்றார். "அதுங்க வளரும்போது நாம பாக்கலையா?"